டொமைன் லாகின் இருந்தாலே திறந்துகொள்ளும் ஆப்பை குரூப் வைத்துப் பூட்டுவது எப்படி?

கேள்வி இது: கோத்தகிரியிலும் குந்தாவிலும் தொழிற்சாலை, கோவையில் தலைமை அலுவலகம் என்று இயங்கும் ஒரு தேயிலை நிறுவனம். பச்சை இலை வரவு, சிறு விவசாயிகளுக்கான பட்டுவாடா, குன்னூர் ஏலத்துக்குப் போகும் லாட் விவரம் எல்லாம் ஒரே வெப் ஆப்பில் இருக்கின்றன. ஆப்புக்கு முன்னால் லினக்ஸில் அப்பாச்சி என்ற வெப் சர்வர். லாகின் சரிபார்ப்பது கோவையில் உள்ள ஆக்டிவ் டைரக்டரி, அதாவது பயனர்களையும் குரூப்களையும் பதிந்து வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வர். கோவையில் பின்னால் மேகத்துக்கு (கிளவுட்) மாறும் திட்டமும் உண்டு. கணக்குப் பிரிவு குரூப்பில் இருப்பவர்கள் மட்டும் நுழைய வேண்டும் என்று கான்ஃபிக்கில் எழுதியும், டொமைன் லாகின் உள்ள அத்தனை பேரும், இலை எடை போடுகிறவர் உட்பட, நுழைந்துவிடுகிறார்கள். அதே சமயம் குரூப்பில் இருக்க வேண்டிய இரண்டு பேருக்கு மட்டும் சரியான பாஸ்வேர்ட் போட்டும் திறக்கவில்லை. ஏன்?

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. எல்லோரும் நுழைவது அப்பாச்சி கான்ஃபிக்கின் கோளாறு. அந்த இரண்டு பேர் வெளியே நிற்பது டைரக்டரியில் குரூப் கட்டியிருக்கும் விதத்தால். முதலாவதுதான் அவசரம், அதை முதலில் பார்ப்போம்.

கான்ஃபிக்கை நீங்கள் முழுதாகப் போடவில்லை. ஆனாலும் 'ரிக்வயர் எல்டாப்-குரூப்' (எல்டாப் என்பது டைரக்டரியிடம் கேட்டு வாங்கும் நெறிமுறை) என்ற வரிக்கு மேலேயோ கீழேயோ 'ரிக்வயர் வேலிட்-யூசர்' என்று இன்னொரு வரி இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பாதி அப்படித்தான் இருக்கின்றன. முதலில் சரியான ஆளாக இருக்க வேண்டும், அப்புறம் குரூப்பிலும் இருக்க வேண்டும் என்று நாம் நினைத்து எழுதுகிறோம். அப்பாச்சி 2.4 அப்படிப் படிப்பதில்லை. உறை (வரிகளைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பு) எதுவும் இல்லாமல் பல ரிக்வயர் வரிகளை அடுக்கினால், அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்பதே அதன் கணக்கு. பாஸ்வேர்ட் சரியாகப் போட்ட எவரும் வேலிட்-யூசர் ஆகிவிடுவார். குரூப் வரிக்கு வேலையே இல்லாமல் போகிறது.

வேலிட்-யூசர் வரியை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். எல்டாப்-குரூப் வரி மட்டும் இருந்தாலும் அப்பாச்சி பாஸ்வேர்ட் கேட்கத்தான் செய்யும். ஆள் யார் என்று தெரியாமல் குரூப்பைப் பார்க்க முடியாதே. குரூப்பில் இருக்க வேண்டும், அதோடு அலுவலக ஐபி முகவரியிலிருந்தும் வர வேண்டும் என்பது போல இரண்டு நிபந்தனை உண்மையிலேயே தேவைப்பட்டால், அவற்றை 'ரிக்வயர்ஆல்' உறைக்குள் வையுங்கள். மேல் கோப்புறையில் வேறு யாராவது ஏற்கெனவே ஒரு ரிக்வயர் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். விர்ச்சுவல் ஹோஸ்டின் டைரக்டரி உறையில் ஒன்று, லொகேஷன் உறையில் ஒன்று என்று சிதறிக் கிடந்தால் எது எதை மீறுகிறது என்று பார்த்தே அரை நாள் போய்விடும்.

அதே வரியில் இன்னொரு பொறி. குரூப்பின் முழு டிஎன்னை (டைரக்டரியில் அது இருக்கும் இடத்தோடு சேர்ந்த முழுப் பெயர்) எழுதும்போது மேற்கோள் குறிக்குள் போடக்கூடாது. இடைவெளி உள்ள பெயராக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். எல்டாப் யூஆர்எல்லை மேற்கோளுக்குள் எழுதிப் பழகிய கை இங்கேயும் போட்டுவிடும். அப்புறம் குரூப் பொருந்தவே பொருந்தாது.

வேலிட்-யூசரை எடுத்த மறுநாள் உங்களுக்கு ஒரு புகார் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். குரூப்பில் இல்லாதவர் சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் பிரௌசர் மறுபடி மறுபடி பாஸ்வேர்ட் பெட்டியையே காட்டும். பாஸ்வேர்ட் சரி, அனுமதி இல்லை என்ற நிலையிலும் அப்பாச்சி வழக்கமாக 401 (யார் என்று நிரூபி) அனுப்புவதுதான் காரணம். அவர் பாஸ்வேர்டில்தான் தப்பு என்று நினைத்து நாலைந்து தடவை விதவிதமாக முயன்று, கடைசியில் கணக்கையே லாக் செய்துகொள்வார். 'ஆத்ஸ்-சென்ட்-ஃபார்பிடன்-ஆன்-ஃபெயிலியர்' என்ற அமைப்பை ஆன் செய்தால் 401-க்குப் பதில் 403 (அனுமதி இல்லை) போகும். அந்தப் பக்கத்தில் 'உங்களுக்கு அனுமதி இல்லை, இன்னாரிடம் கேளுங்கள்' என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். பாஸ்வேர்டைத் திருடிய ஒருவனுக்கு அது சரியான பாஸ்வேர்ட்தான் என்று இந்த 403 காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. உள் நெட்வொர்க்கில் மட்டும் ஓடும் ஆப்புக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெளியே திறந்திருக்கும் ஆப் என்றால் யோசிப்பேன்.

இப்போது திறக்காத அந்த இரண்டு பேர். அவர்கள் 'கணக்குப் பிரிவு' குரூப்பில் நேரடியாக இருக்கிறார்களா, அல்லது 'கோத்தகிரி அலுவலகம்' மாதிரி ஒரு குரூப்பில் இருந்து, அந்தக் குரூப் கணக்குப் பிரிவுக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறதா? அநேகமாக இரண்டாவதுதான். ஒரு பயனரின் மெம்பர்ஆஃப் பண்பில் நேரடியாகச் சேர்ந்த குரூப்கள் மட்டுமே இருக்கும். குரூப்புக்குள் குரூப் அதில் தெரியாது. அப்பாச்சியின் எல்டாப்-குரூப் இன்னும் நேரடியானது: குரூப்பை எடுத்து அதன் மெம்பர் பண்பில் இந்த ஆளின் டிஎன் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். உட்குரூப்களில் இறங்கித் தேடும் வசதி அதற்கு உண்டு. ஆனால் எத்தனை ஆழம் இறங்க வேண்டும், உட்குரூப்பின் ஆப்ஜெக்ட் கிளாஸ் (பதிவின் வகை) எது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குரூப்-ஆஃப்-நேம்ஸ் வகையறாவைத் தேடும். ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் கிளாஸின் பெயர் வெறும் 'குரூப்'. ஆழத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லையே என்று பலர் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஆக்டிவ் டைரக்டரியிடமே சங்கிலி முழுதும் தேடச் சொல்லலாம். ஃபில்டரில் (தேடல் நிபந்தனையில்) மெம்பர்ஆஃப் என்பதற்குப் பின் 1.2.840.113556.1.4.1941 என்ற எண்ணைக் கோலன்களுக்கு நடுவே வைத்து, அதன்பின் சமக்குறியும் குரூப்பின் டிஎன்னும் எழுதினால், எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் சர்வரே இறங்கிப் பார்த்துச் சொல்லும். இதை 'ரிக்வயர் எல்டாப்-ஃபில்டர்' வரியில் வைக்கலாம். ஆயிரக்கணக்கான பயனர்கள் உள்ள பெரிய டொமைனில் இந்தத் தேடல் மெதுவாகும். இரண்டு தொழிற்சாலை, ஒரு தலைமை அலுவலகம் அளவுக்கு உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அந்த இரண்டு பேரும் நேரடியாகவே குரூப்பில் இருப்பதாகத் தெரிந்தால், அவர்களின் பிரைமரி குரூப் எது என்று பாருங்கள். பயனரின் பிரைமரி குரூப் மெம்பர்ஆஃபில் வராது, அந்தக் குரூப்பின் மெம்பர் பட்டியலிலும் ஆள் தெரியமாட்டார். அது தனியே ஒரு எண்ணாக மட்டும் பதிவாகிறது. வழக்கமாக எல்லோருக்கும் 513, அதாவது டொமைன் யூசர்ஸ். பழைய சர்வரில் யாரோ கணக்குப் பிரிவையே சிலருக்கு பிரைமரியாக மாற்றி வைத்திருந்தால், விண்டோஸ் திரையில் குரூப்பில் இருப்பதாகத் தெரியும், எல்டாப் தேடலில் ஆள் இருக்க மாட்டார்.

கான்ஃபிக் பற்றிக் கேட்டீர்கள். நான் வாக்குவாதம் செய்ய விரும்புவது வேறு இடத்தில்: எதற்காக 'கணக்குப் பிரிவு' குரூப்பை வைத்துப் பூட்டுகிறீர்கள்? அந்தக் குரூப் உங்கள் ஆப்புக்காக உருவானதில்லை. பிரிண்டருக்கோ, ஷேர்டு ஃபோல்டருக்கோ, மெயில் பட்டியலுக்கோ யாரோ எப்போதோ உருவாக்கியது. நாளைக்கு ஒரு பயிற்சி மாணவிக்கு ஷேர்டு ஃபோல்டர் தெரிய வேண்டும் என்று கோவையில் ஒருவர் அவரை அந்தக் குரூப்பில் சேர்ப்பார். அந்த ஒரு கிளிக்கில் ஏலத்துக்குப் போகும் லாட்டின் மதிப்பீடும், எந்த விலைக்குக் கீழே விடக்கூடாது என்ற எண்ணும் அவருக்குத் தெரிந்துவிடும். சேர்த்தவருக்கு அது தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கேட்டில் அடையாள அட்டை காட்டி உள்ளே வந்தவருக்கு ஸ்டோர் ரூம் சாவியையும் சேர்த்துக் கொடுக்கிற வேலை இது.

ஆகவே ஆப்புக்கென்றே குரூப் உருவாக்குங்கள். உங்கள் ஆப்பில் மூன்று வேலைகள் இருப்பதால் மூன்று குரூப்: இலை வரவு பதிகிறவர்கள், பட்டுவாடா பார்க்கிறவர்கள், ஏல லாட் பார்க்கிறவர்கள். பெயரிலேயே ஆப்பும் வேலையும் தெரியட்டும். கணக்குப் பிரிவில் எல்லோரும் பட்டுவாடா பார்க்க வேண்டுமானால் கணக்குப் பிரிவு குரூப்பையே பட்டுவாடா குரூப்புக்குள் சேர்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன சங்கிலித் தேடல் அதற்குத்தான். இப்படிச் செய்தால் அப்பாச்சி கான்ஃபிக்கை மறுபடி தொடவே வேண்டியிருக்காது. எடை போடுகிறவரை வெளியே தள்ள வேண்டும் என்று கேட்டீர்களே, யோசித்துப் பார்த்தால் இலை வரவுப் பக்கத்துக்கு அவர்தான் முதல் ஆள்.

அந்தக் குரூப்பில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் உங்கள் வேலை இல்லை. ஏல லாட் குரூப்புக்கு ஃபாக்டரி மேனேஜரோ விற்பனை பார்க்கிறவரோ பொறுப்பு. ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு குரூப்புக்கும் 'மேனேஜ்டு பை' என்று ஓர் இடம் உண்டு. அங்கே அவர் பெயரைப் போட்டு, உறுப்பினர் பட்டியலை அவர் மாற்றலாம் என்ற பெட்டியையும் டிக் செய்தால், ஐடி ஆளைக் கேட்காமல் அவரே சேர்க்கவும் நீக்கவும் முடியும். யாராவது வேலையை விட்டுப் போனால் உங்களுக்கு போன் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

குரூப் உருவாக்கும்போது வகையைக் கவனியுங்கள். செக்யூரிட்டி குரூப்தான் வேண்டும், டிஸ்ட்ரிபியூஷன் குரூப் வேண்டாம். டிஸ்ட்ரிபியூஷன் குரூப்பும் மெம்பர்ஆஃபில் தெரியும், எல்டாப் மூலம் பூட்டினால் வேலையும் செய்யும். பின்னால் ஒருநாள் பாஸ்வேர்ட் கேட்காமல் கெர்பரோஸ் வழியாகத் தானாக லாகின் ஆகும்படி மாற்றுவீர்கள், குரூப்களை அது தரும் டிக்கெட்டிலிருந்தே (அடையாளச் சீட்டு) படிக்கச் சொல்வீர்கள். அந்த டிக்கெட்டில் டிஸ்ட்ரிபியூஷன் குரூப் இருக்காது. அன்றைக்குக் காலையில் ஒட்டுமொத்தமாக எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

கெர்பரோஸ் என்று சொன்னதால் ஒரு பக்கச் செய்தி. ஆள் எத்தனை குரூப்பில் இருக்கிறாரோ அந்த அளவுக்கு டிக்கெட் பெரிதாகும். அது எச்டிடிபி ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தலைப்பு வரி) பயணிக்கிறது. அப்பாச்சி ஒரு ஹெடருக்கு வழக்கமாக 8190 பைட் வரைதான் இடம் கொடுக்கும். நிறுவனத்தில் ரொம்ப காலமாக இருந்து எல்லா குரூப்பிலும் பெயர் உள்ள பெரிய மேனேஜருக்கு மட்டும் 400 பிழை வரும், நேற்றுச் சேர்ந்த பையனுக்குத் திறக்கும். அப்படி வந்தால் ஹெடர் அளவு வரம்பை உயர்த்துங்கள். அவரைப் பழைய குரூப்களிலிருந்து நீக்குவது நல்ல யோசனைதான், ஆனால் அவரிடம் அதைச் சொல்வது உங்கள் பாடு.

அப்பாச்சி வரி எவ்வளவு சரியாக இருந்தாலும் வீணாகப் போகும் இடம் ஒன்று உண்டு. ஆப் தனியே ஒரு போர்ட்டில் ஓடுகிறது, அப்பாச்சி அதன் முன்னால் நின்று பெயரை ஒரு ஹெடரில் வைத்து அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் போர்ட்டை அலுவலகக் கணினியிலிருந்து நேரடியாகத் தட்டினால் என்ன ஆகும்? பல இடங்களில் ஆப் அப்படியே திறந்துகொள்ளும். யாரும் தன் விருப்பத்துக்கு ஒரு பெயரை ஹெடரில் வைத்து அனுப்பினால் அந்த ஆளாகவே உள்ளே போகலாம். ஆப்பை 127.0.0.1-இல் மட்டும், அதாவது அதே சர்வருக்குள் இருந்து வருவதை மட்டும், கேட்கும்படி வையுங்கள். வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெடரை அப்பாச்சியில் முதலில் அழித்துவிட்டு, அப்புறம் நீங்கள் வையுங்கள். மெனுவை மறைப்பதைப் பூட்டு என்று நினைக்க வேண்டாம். பட்டுவாடா பட்டனைக் காட்டாமல் விட்டாலும் அதன் முகவரி தெரிந்தவர் டைப் செய்தால் திறக்கக்கூடாது. எக்ஸெல் டவுன்லோட் முகவரிகள்தான் பெரும்பாலும் மறந்துபோகும் இடம்.

ஆப் எழுதியவர் தானே எல்டாப் லாகின் கோடும் எழுதியிருந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் என்ன நடக்கிறது? எல்டாப் நெறிமுறையில் பெயர் கொடுத்து பாஸ்வேர்ட் காலியாக பைண்ட் (எல்டாப் லாகின்) செய்தால் அது அடையாளம் நிறுவாத பைண்ட் என்ற தனி வகை. ஆக்டிவ் டைரக்டரி வழக்கமான அமைப்பில் அதற்கு வெற்றி என்றே பதில் தரும். கோடு அந்த வெற்றியை நம்பினால் யார் பெயரிலும் பாஸ்வேர்டே இல்லாமல் நுழையலாம். எல்டாப் பாதுகாப்பு பற்றிய தர ஆவணமான ஆர்எஃப்சி 4513 இதை வெளிப்படையாக எச்சரிக்கிறது. காலிப் பாஸ்வேர்டை எல்டாப் பக்கம் அனுப்புவதற்கு முன்பே தடுக்க வேண்டும். இரண்டு, பெயர்ப் பெட்டியில் நட்சத்திரக் குறியோ அடைப்புக்குறியோ போட்டால் என்ன நடக்கிறது? அவற்றை ஃபில்டரில் அப்படியே ஒட்டக்கூடாது. நட்சத்திரம் \2a ஆகவும், அடைப்புக்குறிகள் \28, \29 ஆகவும், பின்சாய்வுக்கோடு \5c ஆகவும் மாற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் குரூப் நிபந்தனையையே ஒருவர் பெயர்ப் பெட்டியிலிருந்து மாற்றி எழுதிவிடுவார்.

டைரக்டரியைத் தேட நீங்கள் வைத்திருக்கும் கணக்கு எது? டொமைன் அட்மின் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பாஸ்வேர்ட் கான்ஃபிக் ஃபைலில் எழுத்தாகக் கிடக்கிறது. படிக்க மட்டும் உரிமை உள்ள சாதாரணக் கணக்கு போதும். அதன் பாஸ்வேர்ட் காலாவதி ஆகுமா என்றும் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரியின் ஆரம்ப அமைப்பில் 42 நாளில் ஆகும், ஆன அன்றைக்கு யாருக்கும் திறக்காது. இணைப்பு மறையாக்கம் உள்ள 636 போர்ட் வழியாகவோ, 389-இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் (மறையாக்கத்தைத் தொடங்கும் கட்டளை) வைத்தோ போக வேண்டும். வெறும் 389 என்றால் ஊழியர்களின் பாஸ்வேர்ட் எல்லாம் கோத்தகிரிக்கும் கோவைக்கும் இடையே பச்சையாகப் போய்க்கொண்டிருக்கும்.

குரூப்பை டிஎன் வைத்து எழுதியிருப்பதால், கோவையில் ஒருவர் ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்தக் குரூப்பை வேறு ஓயூவுக்கு (டைரக்டரிக்குள் இருக்கும் கோப்புறை மாதிரி) இழுத்துப் போட்டாலோ, பெயர் மாற்றினாலோ உங்கள் வரி செத்துப்போகும். உள்ளே உள்ள எஸ்ஐடி (குரூப்பின் அடையாள எண்) மாறாது, டிஎன் மாறும். ஆப் குரூப்களுக்கென்று தனி ஓயூ ஒன்று வைத்து, குரூப்பின் விளக்கப் பெட்டியில் 'இலை ஆப் சர்வரில் இந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, மாற்றும் முன் சொல்லவும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

நீக்கிய ஆள் உடனே வெளியே போவாரா என்பது அடுத்து வரும் கேள்வி. அப்பாச்சி எல்டாப் பதில்களை வழக்கமாக 600 விநாடி நினைவில் வைத்திருக்கும், ஆக பத்து நிமிடம் வரை பழைய விடையே வரலாம். அது பரவாயில்லை. ஆப் தன் பங்குக்கு ஒரு செஷன் குக்கீ கொடுத்து, குரூப்பை லாகின் நேரத்தில் மட்டும் பார்த்தால்தான் சிக்கல். காலையில் நீக்கியவர் பிரௌசரை மூடாமல் மாலை வரை உள்ளே இருப்பார். கெர்பரோஸிலும் இதே கதைதான், டிக்கெட்டின் வழக்கமான ஆயுள் 10 மணி நேரம், புதிதாகச் சேர்த்தவரும் லாக்ஆஃப் செய்து வந்தால்தான் குரூப் தெரியும். ஏல லாட் பக்கத்துக்கு மட்டுமாவது ஒவ்வொரு கோரிக்கையிலும் குரூப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையில் இருப்பதால் கோவைக்காரர்கள் யோசிக்காத ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் மண் சரிந்தால் சாலையோடு கேபிளும் போகும். கோவை டைரக்டரி எட்டாத அன்று எந்த ஆப்பும் யாரையும் சரிபார்க்க முடியாது. அப்போது எல்லோரையும் உள்ளே விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் யாரிடமிருந்தாவது வரும். கேட்காதீர்கள், டைரக்டரி இல்லையென்றால் பூட்டியே இருக்கட்டும். பதிலாக கோத்தகிரியில் ஒரு ரீட்-ஒன்லி டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரியின் படிக்க மட்டும் முடிகிற நகல் சர்வர்) வைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. தொழிற்சாலை ஊழியர்களின் பாஸ்வேர்டையும் டைரக்டரியைத் தேடும் கணக்கின் பாஸ்வேர்டையும் மட்டும் அதில் தேக்கி வைக்க அனுமதித்தால், லைன் அறுந்தாலும் அவர்கள் லாகின் ஆகலாம், சர்வரையே யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் மொத்த டொமைனும் போகாது. அப்பாச்சியின் எல்டாப் யூஆர்எல்லில் இரண்டு சர்வர் பெயரை இடைவெளி விட்டு எழுதலாம், உள்ளூர் சர்வரை முதலில் வையுங்கள். இங்கே மேற்கோள் குறி கட்டாயம். இலை லாரி வாசலில் நிற்கும்போது ரசீது போட முடியவில்லை என்றால் விவசாயிக்கு என்ட்ரா (மைக்ரோசாஃப்டின் மேக டைரக்டரி), கெர்பரோஸ் எதுவும் விளங்காது.

என்ட்ரா என்றதும் ஞாபகம் வருகிறது. கோவையில் மேகத்துக்கு மாறப் போவதாக எழுதியிருந்தீர்கள். மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் ஆப்புக்குக் குரூப்பை நியமித்துப் பூட்டலாம், ஆனால் அந்த நியமனம் குரூப்புக்குள் இருக்கும் குரூப்பைக் கண்டுகொள்ளாது. இப்போது அடுக்கடுக்காகக் கட்டினால் அன்றைக்குப் பிரிக்க வேண்டியிருக்கும், அதனால் ஓர் அடுக்கோடு நிறுத்துங்கள். டோக்கனில் (லாகின் ஆனதும் ஆப்புக்கு வரும் அடையாளச் சீட்டு) குரூப்களை அனுப்பச் சொன்னால் பெயருக்குப் பதில் நீளமான அடையாள எண்தான் வழக்கமாக வரும். ஒருவர் 200 குரூப்புக்கு மேல் இருந்தால் (சாமல் என்ற லாகின் நெறிமுறை என்றால் 150) பட்டியலே வராது, தனியே கேட்டு வாங்க வேண்டும். ஆப்புக்கு நியமித்த குரூப்களை மட்டும் அனுப்பும்படி அமைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

மாற்றியதும் மூன்று சோதனைக் கணக்கு வைத்துப் பாருங்கள்: குரூப்பில் நேரடியாக இருப்பவர், உட்குரூப் வழியாக இருப்பவர், எதிலும் இல்லாதவர். மூன்றாமவருக்குத் திறக்கவில்லை என்பதைப் பார்ப்பதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதற்கப்புறமும் அந்த இரண்டு பேருக்குத் திறக்காவிட்டால், அவர்கள் பெயரிலேயே எல்டாப்-சர்ச் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அப்பாச்சி லாக் 'தவறான அடையாளம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஆக்டிவ் டைரக்டரி தரும் பதிலில் 'டேட்டா' என்ற சொல்லுக்குப் பின் ஒரு குறியீடு இருக்கும். 52 என்ற எண்ணோடு ஆங்கில 'இ' எழுத்து சேர்ந்து வந்தால் பாஸ்வேர்ட் தவறு. 532 என்றால் பாஸ்வேர்ட் காலாவதி, 533 என்றால் கணக்கு முடக்கம், 775 என்றால் லாக் ஆகியிருக்கிறது. இவற்றில் எதுவும் இல்லாமல் பைண்ட் சரியாக நடக்கிறது என்றால் அது குரூப் விவகாரம்தான். அந்தப் பயனரின் மெம்பர்ஆஃப் பட்டியலையும் உங்கள் ரிக்வயர் வரிகளையும், பெயர்களை மாற்றிவிட்டு, இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.